தராசு தூக்கி வந்த பெண்கள்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சுற்றறிக்கையில் "வரலாறு" என்று ஒரு தலைப்பு இருந்தது. வரலாறு என்றதும் எனக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படித்த ராஜாக்களும் சண்டைகளும்தான் ஞாபகம் வந்தது. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, ஊசி போட்டு, பேச்சு வருதா நடை வருதா என்று கவனித்துச் சொன்ன பெண்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பால்வாடி டீச்சர், ஆயா, நர்சம்மா, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம், சிறப்பாசிரியர். இவர்கள் செய்வதை நாம் லேசாக "புள்ள பாத்துக்கிற வேலை" என்று சொல்லிவிடுகிறோம். அது கற்றுப் பழகினால் மட்டுமே வருகிற தொழில். அந்தத் தொழில் நம்ம ஊர்களுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஆரம்பம் சோறுதான். 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு கொடுத்தார்கள். 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது அது ஊர் ஊராக வந்தது. இது நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் சோறு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு. ஐந்து வயசுக்குக் கீழே இருந்த பிள்ளைக்கு என்ன இருந்தது? தாய் களை எடுக்கப் போனால் வரப்பு மரத்தில் தூளி, காவலுக்கு ஏழு வயசு அக்கா. அந்த அக்காவுக்குப் படிப்பும் போச்சு.

பால்வாடி என்பது மராட்டியப் பக்கத்திலிருந்து வந்த சொல். தாராபாய் மோடக் என்ற அம்மா 1945-இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடற்கரைக் கிராமத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் என்ற இன்னொரு அம்மா அவருக்குத் துணை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் அங்கே சரியாக வரவில்லை. வராத பிள்ளையைக் குறை சொல்லாமல் இவர்கள் அந்தக் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் உட்கார்ந்து நடத்தினார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் "ஆங்கன்" என்று பேர். அங்கன்வாடி என்ற பேர் அதிலிருந்து வந்தது. நம்ம பக்கம் அங்கணம் என்றால் பாத்திரம் கழுவுகிற இடம், அதனால் சின்ன வயசில் இந்தப் பேரைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது இந்தியா முழுவதுக்கும் சேர்த்து 33 இடங்களில் மட்டும், சோதனையாக. சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, முன்பருவக் கல்வி, தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆறு வேலை. ஆறையும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை நடுவில் வைத்துத்தான் யோசித்தார்கள்.

இப்போது நான் பிறந்த பக்கத்துக்கு வருகிறேன். மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி ஒன்றியம். எங்க அப்பத்தா ஊர் அங்கேதான். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதை மாநிலத்திலேயே முதன்முதலாகச் செய்து பார்த்த ஒன்றியம் கொட்டாம்பட்டி. இதை எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. நானும் அப்பத்தா சொல்லித்தான் முதலில் கேட்டேன்.

அந்தத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அதற்கென்று ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணைப் பணியாளராக எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் தெரியுமா? படிப்பு கொஞ்சம் இருக்க வேண்டும், அதே ஊரில் குடியிருக்க வேண்டும். அதோடு, வீட்டில் வசதி இல்லாவிட்டாலும் தன் பிள்ளையை நோஞ்சானாக விடாமல் வளர்த்திருக்கிற தாயாகப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது. பணக்கார வீட்டுப் பிள்ளை புஷ்டியாக இருப்பதில் அதிசயம் இல்லை. கூலி வேலை பார்க்கிறவள் பிள்ளை நல்லா இருக்குன்னா அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

இரண்டு மாதம் பயிற்சி. பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், அவரும் பெண். அப்பத்தா சொல்லும்: "அந்தப் புள்ள தராசத் தோள்ல மாட்டிக்கிட்டு வரும். வேப்ப மரத்துல தொங்க விட்டு, துணி ஊஞ்சல்ல புள்ளைய வச்சுப் பாக்கும். மொத மாசம் ஒருத்தியும் புள்ளையக் குடுக்கல. எடை போட்டா புள்ள இளைச்சிரும், கண்ணு பட்ரும்னு பயம். அது தன் புள்ளைய மொதல்ல வச்சுக் காட்டுச்சு."

எடை போடுவது பெரிய விஷயமா என்று கேட்கலாம். காய்கறிக்காரர் போடுவது மாதிரி இல்லை இது. எடையை ஒரு அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்க்க வேண்டும். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்தால் கவனிக்க வேண்டும். இறங்கினால் ஆபத்து. ஒல்லியாக இருக்கிற பிள்ளையின் கோடு ஏறிக்கொண்டே இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். பார்க்கக் கொழுகொழு என்று இருக்கிற பிள்ளையின் கோடு இரண்டு மூன்று மாதமாகப் படுத்திருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. வயிற்றுப்போக்கு, பூச்சி, பால் குறைந்தது, அடுத்த குழந்தை உண்டானது, ஏதாவது. தாய்க்குத் தெரியாது, ஏனென்றால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் கோடு சொல்லிவிடும். இந்தப் பார்வையைத்தான் எட்டாவது, பத்தாவது படித்த கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அப்படித்தான் வேப்ப மரத்தடிக்கு வந்தது.

கோடு ஏறாத பிள்ளைக்கு மூன்று மாதம் உருண்டை கொடுப்பார்கள். தானியமும் பருப்பும் வறுத்து அரைத்த மாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்தது. ஒரு உருண்டை 40 கிராம். ஒரு வயசுக்குள் இருந்தால் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். அந்த உருண்டை பிடித்த மகளிர் பணிக்குழுவில் எங்க அப்பத்தாவும் ஒரு ஆள். பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்து செய்வார்கள், கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். நம்ம சுய உதவிக் குழுக்கள் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது 1989-இல். மகளிர் திட்டம் 1997-இல். அதற்கெல்லாம் முன்னாலேயே எங்க அப்பத்தா குழுவாக உட்கார்ந்து மாவு வறுத்திருக்கிறது.

அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால், எடை குறைந்த பிள்ளைக்கு மட்டும் உருண்டை, மற்றது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தாய் பாதியைப் பிய்த்து மற்றதுக்குக் கொடுப்பாள். அதனால்தான் மையத்திலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம். கணக்குக்குச் சரி. ஆனால் மூணு வயசுப் பிள்ளைக்குக் கணக்கு புரியுமா? 1989-இல் அந்தத் திட்டத்தின் முதல் கட்டம் முடிவதற்குள் மாநிலத்தின் கிராம ஒன்றியங்களில் ஏறக்குறைய பாதிக்கு அது போயிருந்தது. போன இடங்களில் கடுமையான சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவில் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அவர்கள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை. எடை பார்த்துப் பிரிப்பது இல்லை, வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார வைக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் அன்றைக்குச் சாவிக்கொத்தோடு ஊர் நடுவே நடந்தார்கள். எங்க பக்கத்து வீட்டுச் சின்னாத்தா ஒருத்தர் அப்படி வேலைக்குப் போனவர். தாலி அறுத்தவ முகத்துல முழிக்கக் கூடாதுன்னு சொன்ன அதே வீட்டு ஆட்கள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1989-இல் முட்டை சேர்ந்தது.

அப்போ எது சரி, எல்லாருக்கும் சோறா, எடை பார்த்து உருண்டையா? என்னைக் கேட்டால் சோறு எல்லாருக்கும்தான். ஆனால் சோறு மட்டும் போட்டு அனுப்பிவிட்டால் எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்று யார் பார்ப்பது? 1990-களில் இரண்டு வழியும் சேர்ந்து இன்றைய அங்கன்வாடியானது. சோறும் இருக்கிறது, தராசும் இருக்கிறது. இப்போது கூடவே கைப்பட்டையை அளக்கும் நாடாவும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பில் நின்றால் உடனே ஆஸ்பத்திரி. 2021-இலிருந்து எல்லாவற்றையும் செல்போனில் போஷன் டிராக்கரில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நர்சம்மாக்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 1985-இல் தடுப்பூசித் திட்டம் நாடு முழுக்க வந்தபோது ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக நடந்தது கிராம சுகாதாரச் செவிலியர்கள். 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எங்க வகுப்பில் காலிப்பர் போட்டு நடந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். என் பிள்ளைகளின் வகுப்பில் ஒருவரும் இல்லை.

ஆனால் எடையும் ஊசியும் சோறும் சரியாக இருந்தும் ஒரு பிள்ளை பின்தங்கலாம். காது, கண், பேச்சு, புத்தி வளர்ச்சி. இதைக் கவனிப்பது நம்ம ஊர்களுக்கு ரொம்பப் பிந்தி வந்தது. பட்டணத்தில் முன்னாலேயே இருந்தது. சென்னையில் காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கென்றே பால வித்யாலயா 1969-இல் தொடங்கியிருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக 1985-இல் வித்யாசாகர் தொடங்கியது. கிராமத்தில் அப்படிப்பட்ட பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாதிரி ஒன்றிரண்டு இடங்கள்தான் கிராமத்துக்குள் இருந்தன.

2013-இல் ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டம் வந்தது. டாக்டர், நர்சு, மருந்தாளுநர் எல்லாரும் ஒரு வண்டியில் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்டத் தலைமையிடத்து ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், காது பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே இடத்தில்.

அந்த வழியில் போன பிள்ளைதான் என் சின்ன மகன். 2019-இல் அவனுக்கு இரண்டரை வயசு. எடை சரி, நடை சரி, பேச்சு மட்டும் இல்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவுக அப்பன் நாலு வயசுலதான் பேசுனான்" என்று அத்தை சொன்னாங்க. ஊரே அதைத்தான் சொன்னது. எங்க அங்கன்வாடி டீச்சர் மட்டும் ஒருநாள் அவனுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டினார். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. இவன் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, இவனுக்குப் பேச்சு இல்லாம இல்ல. கேக்குதான்னு மொதல்ல பாக்கணும்" என்றார். வண்டி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அவரே நர்சம்மாவிடம் சொல்லிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

பெரா டெஸ்ட் என்று, தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் குறைவு. மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத அழுகையை எழுத வேண்டாம். வாரம் ஒரு நாள் பயிற்சி, போக வர இரண்டு பஸ், அவருக்கும் எனக்கும் கூலி போகும். குழுவில் உள்கடன் பத்தாயிரம் கேட்டேன். ஒரு கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் "குழந்தை காது வைத்தியம்" என்று எழுதியிருப்பது இன்றைக்கும் இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி மேடம் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் பாடம் நடத்தியது எனக்கு. டிவியை அணைத்துவிடு. அவன் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து பேசு. அரிசி களையும்போது "அரிசி" என்று சொல், ஊற்றும்போது "தண்ணி" என்று சொல். அவன் செம்பைக் கை காட்டினால் உடனே எடுத்துக் கொடுக்காதே, கொஞ்சம் காத்திரு, சத்தம் வரட்டும். எனக்கு அந்தக் காத்திருப்புதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளை வளர வளரக் காது அச்சு மாற்ற வேண்டும், வேர்வை பட்டால் மெஷினைக் கழற்றிக் காய வைக்க வேண்டும், இதெல்லாமும் அவர்தான் சொன்னார். ஐந்து மாதம் கழித்துக் காயப்போட்ட உளுந்தைக் கொத்த வந்த கோழியைப் பார்த்து "போ" என்றான். அதுதான் முதல் சொல். அத்தை அந்தக் கோழியைக் கடைசி வரைக்கும் அடிக்க விடவில்லை.

இப்போது மூன்றாம் வகுப்பு, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே. ஒன்றியத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். வகுப்பு டீச்சரிடம் அவனை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னதும், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீங்க என்று சொன்னதும் அவர்தான். இவ்வளவு தெரிந்த அவருக்குத் தொகுப்பூதியம். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நிரந்தரம் இல்லை.

கூலி விஷயத்தில் இந்தப் பெண்களுக்கு எல்லா ஊரிலும் இதே கதைதான். அங்கன்வாடிப் பணியாளர்களை மத்திய அரசு ஆரம்பத்திலிருந்து "கௌரவப் பணியாளர்" என்றே சொல்லி, மதிப்பூதியம்தான் கொடுத்து வந்தது. கௌரவத்தை வைத்து உலை வைக்க முடியுமா? தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தது, அந்த மட்டும் நல்லது. குஜராத்தில் ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பணிக்கொடைச் சட்டம் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும், இவர்கள் வேலையைப் பகுதி நேர வேலை என்று ஒதுக்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதே வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அங்கே அடுப்பு மூட்டுவது நம்ம குழுப் பெண்கள்தான். அப்பத்தாவிடம் சொன்னபோது, "நாங்க அப்பவே உருண்டை புடிச்சோம்ல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டது.

கைக்குழந்தை இருக்கிற சகோதரிகளுக்கு அந்த டீச்சர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்கார வேண்டும். பிறந்த எடை ஒரு வயசில் மூன்று மடங்கு ஆக வேண்டும். ஒன்றே கால் வயசுக்குள் ஒரு சொல்லாவது வர வேண்டும், இரண்டு வயசில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். இல்லை என்றால் பெரியவங்க என்ன சொன்னாலும் ஒரு நடை அங்கன்வாடிக்குப் போய்க் காட்டுங்கள்.

அப்படிப் போனால் அங்கே ஆள் இருக்க வேண்டும். எங்க ஊர் மையத்து டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே. மற்ற நாள் ஆயா ஒருவரே சமைத்து, ஊட்டி, கழுவி, இருபத்திரண்டு பிள்ளையையும் பார்க்கிறார். அவரும் வருகிற ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். காலி இடத்தை நிரப்பக் கேட்டு எங்க ஊரின் ஏழு குழுக்களும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுக் கொடுத்தோம், தீர்மானமும் ஏறியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு மறுபடியும் எடுத்துப் போகிறோம். பக்கத்து ஊர்க் குழுக்களும் அவரவர் மையத்து நிலைமையை எழுதிச் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனுவின் நகல் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு அலுவலகத்தில், தீர்மானப் புத்தகத்தோடு இருக்கிறது. வேண்டிய குழுக்கள் வாங்கிக்கொள்ளலாம்.